மலையில் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டால்: பாறைக் குகையில் தங்குமிடம் அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி நாகலாபுரம், தடா, கூடியம், ஜவ்வாது மலை என்று போகிறவர்கள் பெரும்பாலும் அன்றே திரும்பும் கணக்கில்தான் போகிறார்கள். கணுக்கால் பிசகினாலோ, பாதை தவறினாலோ, கடந்து வந்த ஓடையில் மாலை மழைக்கு வெள்ளம் புரண்டாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். அப்போது கண்ணில் படுகிற குகையில் ஓர் இரவை உயிருக்கும் உடம்புக்கும் சேதமில்லாமல் கழிப்பது எப்படி என்பதற்கான பக்கம் இது. வாரக்கணக்கில் குகையில் குடியிருக்கும் ஆசைக்கு இங்கே பதில் இல்லை.

நம் பக்கத்து மலைகளில் உண்மையான குகைகள் இருக்கின்றனவா?

ஆந்திராவின் பெலும், போரா போல சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்து உருவான நீண்ட குகைகள் நம் பக்கம் மிகக் குறைவு. சென்னையிலிருந்து ஒரு நாள் தூரத்தில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, பெரும்பாறை முன்னே நீட்டிக்கொண்டு அடியில் இடம் விட்டிருக்கும் பாறை ஒதுக்கு. புடவு என்றும் சொல்வார்கள். இன்னொன்று, உருண்டு வந்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இடையில் உண்டான பொந்து.

தங்குவதற்கு முதல் வகைதான் ஏற்றது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள கூடியம் அந்த ரகம். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பதிவு செய்த இடங்களில் அதுவும் உண்டு. ஆதிமனிதர்களும் ஆழமான இருட்டுக் குகைகளைவிட, வெளிச்சமும் காற்றும் வருகிற இப்படிப்பட்ட ஒதுக்குகளைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். பாறைகளுக்கு இடைப்பட்ட பொந்துகளில் தரை என்று நாம் நினைப்பது பல நேரம் சருகு மூடிய இடுக்காக இருக்கும். கொடைக்கானலின் டெவில்ஸ் கிச்சன் பகுதியில் அந்த இடுக்குகள் ஆளை விழுங்கும் ஆழம். கம்பால் குத்திப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

குகை கண்ணில் பட்டதும் உள்ளே போய்விடலாமா?

கூடாது. வாசலிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்று இரண்டு நிமிடம் பாருங்கள், கேளுங்கள், முகர்ந்து பாருங்கள். ரீங்காரம் கேட்டால் தேனீ. மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் வௌவால். மிருகக்காட்சிசாலைக் கூண்டருகே வருமே, அந்த வீச்சம் வந்தால் உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். பிறகு ஒரு சிறு கல்லை உள்ளே எறிந்து காத்திருங்கள். தேன்கூடு கண்ணில் பட்டிருந்தால் கல்லெறிவது மட்டும் வேண்டாம்.

அதன்பின் டார்ச்சோடு ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கையில் இருந்தால் அதில் 40 நிமிடத்தைச் சோதிக்கவும், மீதி 20ஐ அமைக்கவும் வையுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தார்ப்பாயை அழகாகக் கட்டி முடித்த பிறகு தலைக்கு மேல் இருக்கும் விரிசல் கண்ணில் படும். அதற்குள் இருட்டியிருக்கும், இடம் மாற்ற மனம் வராது.

கூரைப் பாறை விழுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கூரையை விட்டுத் தரையைப் பாருங்கள். கீழே கிடக்கும் கற்களின் மேல் தூசியும் பாசியும் படிந்திருந்தால் அவை விழுந்து பல காலம் ஆகிறது. விளிம்பு கூராக, பழைய பாறையைவிட வெளிறிய நிறத்தில் கிடந்தால் சமீபத்தில் விழுந்தவை. நிமிர்ந்தால் அதே வெளிறிய நிறத்தில் அவை பெயர்ந்த தழும்பு மேலே தெரியும். அதன் கீழே படுக்கக் கூடாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிக் காது கொடுப்போமே, அதே வித்தைதான். நீளமான கம்பை எடுத்து, தட்டும் இடத்துக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கூரையை மெதுவாகத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் பாறை கணீரென்று பதில் சொல்லும். உள்ளே பிளந்து படலமாகத் தொங்குவது கீறல் விட்ட பானை போல ‘டொப்’ என்று அடங்கிவிடும். படுக்கப் போகும் பரப்பு முழுவதற்கும் மேலே, ஒரு சாணுக்கு ஒரு தட்டு.

கூடியம் பக்கத்துப் பாறை தனி ரகம். கூழாங்கற்களும் உருளைக்கற்களும் மணல் காரையில் பதிந்தது போன்ற கூட்டுப்பாறை. முழுப் பாறையும் விழாது. காரை அரிக்க அரிக்க ஒவ்வொரு கல்லாக உதிரும். தேங்காய் அளவுக் கல் 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் மண்டை தாங்காது. கூரையிலிருந்து பாதிக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் கல்லுக்குக் கீழே கால் நீட்டக்கூட வேண்டாம்.

பாறை வெடிப்பில் இச்சி, ஆல், அத்தி வேர் இறங்கியிருந்தால் அது ஆப்பு அடித்தது மாதிரி. பலத்த மழையிலும் அதற்கடுத்த நாளிலும்தான் அப்படிப்பட்ட இடங்களில் அதிகம் பெயரும். மழை ஓய்ந்துவிட்டதே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

வெள்ளம் வருமா என்று பார்ப்பது எப்படி?

சுவரைப் பாருங்கள். காய்ந்த சருகும் சுள்ளியும் வெடிப்புகளில் ஒரே மட்டத்தில் செருகிக் கிடந்தால், தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. அந்த மட்டம் உங்கள் இடுப்பளவு என்றாலும், முழங்கால் அளவு என்றாலும் முடிவு ஒன்றுதான்: அங்கே தங்கக் கூடாது. தரையில் வண்டல் படிந்து வெடித்திருப்பதும், கற்கள் வழுவழுவென்று தேய்ந்திருப்பதும் அதே சேதிதான்.

நாகலாபுரம், தடா போன்ற இடங்களில் பாதையே ஓடையோடு போகிறது. ஓடைக்கரைப் பொந்து எவ்வளவு வசதியாக இருந்தாலும் தவிருங்கள். ஓடைப் படுகையிலிருந்து குறைந்தது 5 மீட்டர் உயரத்தில், ஏறி வெளியேற இன்னொரு வழி உள்ள இடமாகப் பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. மலையின் அந்தப் பக்கம் பெய்தாலும் தண்ணீர் இங்கேதான் வரும். கலங்கல் நிறம், மிதந்து வரும் சருகு, திடீரென மாறும் சத்தம் இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மேலே ஏறிவிட வேண்டும்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று நடந்தது இதுதான். 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் உள்ளே இருந்தபோது மழைவெள்ளம் வழியை அடைத்தது. வாசலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ளே ஜூலை 2 அன்றுதான் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளம் துரத்தும்போது உள்நோக்கி ஓடினால் இந்த நிலைதான்.

தேன்கூடு தொங்குகிறது, ஆனால் உயரத்தில்தானே இருக்கிறது?

உயரம் ஒரு பாதுகாப்பே இல்லை. பாறை விளிம்பில் தட்டைத் தட்டையாகத் தொங்குவது மலைத்தேனீ. அடையின் கீழ் விளிம்பு கறுப்பு அலை போல அசைந்துகொண்டே இருக்கும். கலைந்தால் கூட்டமாக வந்து நூற்றுக்கணக்கான மீட்டர் துரத்தும். புகை, சென்ட் வாசனை, பலத்த சத்தம் மூன்றும் அதற்கு ஆகாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று, இரவில் இது வெளிச்சத்தைத் தேடி வரும். பகலில் அமைதியாகக் கடந்துபோன கூட்டின் கீழே ராத்திரி ஹெட்டார்ச் (தலையில் மாட்டும் டார்ச்) போட்டால் உங்கள் நெற்றிதான் இலக்கு. கூடு இருக்கும் ஒதுக்கில் தங்காதீர்கள்.

கொட்ட ஆரம்பித்தால் முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு நிற்காமல் ஓடுங்கள். கையை வீசி அடிக்க வேண்டாம். நசுங்கும் தேனீயின் வாசனை மற்றவற்றை அழைக்கும். தப்பிய பிறகு கொடுக்குகளை நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்தெடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் விஷம் இறங்கும்.

வௌவால்?

இடம் மாற்றுங்கள். வௌவால் எச்சம் காய்ந்து தூளாகி, நடக்கும்போது கிளம்பும் தூசியில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை இருக்கக்கூடும். அது நுரையீரலைத் தாக்கும். வேறு வழியே இல்லையென்றால் எச்சம் படாத வாசல் ஓரமாக, என்-95 முகக்கவசத்தோடு, தரையைக் கிளறாமல் இருங்கள். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஊர் திரும்பியதும் ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும்.

கரடி, சிறுத்தை இருக்குமோ?

ஜவ்வாது மலையிலும் சேஷாசலம் பக்கமும் கரடி உண்டு. அது பகலில் பாறை இடுக்கில்தான் படுக்கும். தரையில் உடம்பு புரண்ட பள்ளம், சுவரில் ஒட்டிய கறுப்பு முடி, நகக் கீறல், பழக்கொட்டையும் கறையான் மிச்சமும் கலந்த சாணம், எலும்புத் துண்டு, முள்ளம்பன்றி முள். இவற்றில் எது இருந்தாலும் அது வேறொருவர் வீடு. ஈரமான சாணம் என்றால் பேசாமல், முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். வாசலின் முழு அகலத்தையும் மறித்து நிற்காதீர்கள். உள்ளே இருப்பதற்கு வெளியேற வழி இல்லையென்றால் அது உங்கள் மேலேறித்தான் போகும்.

எந்தத் திசை பார்த்த குகை நல்லது?

மாதத்தைப் பொறுத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சாரல் வடக்கு, கிழக்கிலிருந்து அடிக்கும். தெற்கு அல்லது மேற்கு பார்த்த வாசல் காயும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை வட்டாரத்தில் மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து ஏறி வரும். அப்போது கிழக்கு பார்த்தது தேவலை. ஏப்ரல், மே மாதங்களில் மழையைவிட வெயில்தான் பிரச்சினை. மேற்கு பார்த்த பாறை மாலை முழுதும் சூடு குடித்து, நடுராத்திரி வரை அடுப்பங்கரை மாதிரி அனல் கக்கும்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

மழைக்காலத்தில் மொட்டை மாடியில் கட்டுகிறோமே, அந்த நீலத் தார்ப்பாய் 8க்கு 10 அடியில் ஒன்று போதும். 90 முதல் 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை வாங்குங்கள். அதற்குக் குறைந்தால் பாறை முனையில் கிழியும், கூடினால் சுமை. 4 மில்லிமீட்டர் நைலான் கயிறு 15 மீட்டர். கீழே விரிக்கத் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஷீட். ஆளுக்கொரு வெள்ளிநிற அவசரப் போர்வை, ஆளுக்கொரு பெரிய கறுப்புக் குப்பைப் பை, ஆளுக்கு ஒரு விசில். ஹெட்டார்ச் இரண்டு, மாற்று பேட்டரியோடு. சின்ன புற ஊதா டார்ச் ஒன்று. எதற்கென்று கீழே வருகிறது. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், ஓஆர்எஸ் 4 பொட்டலம், குளோரின் மாத்திரை, கடலை மிட்டாய். ஜிப் பையில் மூடிய ஒரு உலர்ந்த செட் துணியும் ஒரு லுங்கியும். இருவர் படுக்கும் ஒற்றைக் கொசுவலை சேர்த்தால் நல்லது. எல்லாம் சேர்த்து, தண்ணீர் தவிர, ஒரு பையில் அடங்கும்.

சரி, படிப்படியாக எப்படி அமைப்பது?

சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே வேலை தொடங்க வேண்டும். டிசம்பரில் சென்னையில் மாலை 5:45 வாக்கில் சூரியன் மறையும். மலைச்சரிவின் கிழக்குப் பக்கத்தில் 5 மணிக்கே மங்கிவிடும்.

முதலில் சொட்டுக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தின் கீழே மழைத்தண்ணீர் சொட்டிச் சொட்டி வரிசையாகக் குழி விழுந்திருக்குமல்லவா? பாறை ஒதுக்கின் முன் விளிம்புக்குக் கீழேயும் அதே போல வரிசையாகச் சிறுகுழிகள் தெரியும். அங்கிருந்து குறைந்தது 1 மீட்டர் உள்ளே தள்ளித்தான் படுக்கை தொடங்க வேண்டும். சுவரையும் தடவிப் பாருங்கள். சில பாறைகளில் தண்ணீர் விளிம்பில் சொட்டாமல் கூரையின் அடிப்பக்கத்தை ஒட்டி உள்ளே ஓடிவரும். அந்தத் தடம் கறுத்துக் கோடாக இருக்கும். அந்தக் கோட்டின் கீழே படுத்தால் ராத்திரி 2 மணிக்கு நெற்றியில் சொட்டும்.

இரண்டு பேருக்கு 7 அடிக்கு 5 அடி போதும். பெரிதாக எடுக்கும் ஆசை வேண்டாம். இடம் சுருங்கச் சுருங்க உடம்புச் சூடு தங்கும். கம்பால் கற்களைப் புரட்டி ஒதுக்குங்கள், ஒருபோதும் வெறுங்கையால் அல்ல. தலை வைக்கும் பக்கம் ஒரு கை உயரமாக இருக்கட்டும்.

பிறகு படுக்கை. காய்ந்த புல்லையோ சருகையோ தடியால் நன்றாக அடித்து உதறி, 30 செ.மீ உயரத்துக்குப் பரப்புங்கள். ஆள் படுத்தால் அது 10 செ.மீ ஆக அமுங்கும், அதற்கும் குறைந்தால் பயனில்லை. பாறை, உடம்புச் சூட்டை உறிஞ்சும் வேகத்தைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். மேலே நாலு போர்வை போர்த்தினாலும் கீழே ஒன்றும் இல்லையென்றால் குளிரும். புல் கிடைக்காத இடத்தில் காலிப் பை, கயிற்றுச் சுருள், செருப்பு எல்லாவற்றையும் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கொடுங்கள். இதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, நான்கு ஓரத்தையும் கையளவு மேலே மடித்துவிட்டால் தண்ணீர் ஊர்ந்து வராது.

இப்போது வாசல் திரை. தார்ப்பாயின் ஓட்டை வளையத்தில் நேரடியாகக் கயிறு கட்டினால் காற்றில் அது பிய்ந்துகொள்ளும். அதற்குப் பதில் எலுமிச்சை அளவு கூழாங்கல்லைத் தார்ப்பாயின் மூலையில் வைத்து, துணிக்குள் முடிந்த காசு போலச் சுருட்டி, அந்தக் கழுத்தில் கயிற்றை இறுக்குங்கள். எவ்வளவு இழுத்தாலும் நழுவாது. கயிற்றின் மறுமுனையை மாட்ட மரம் இருக்காது. பாறை வெடிப்பைத் தேடி, கயிற்றில் பெரிய முடிச்சோ குச்சியோ போட்டு, அகலமான இடத்தில் நுழைத்துக் குறுகலான பக்கம் இழுத்தால் ஆப்பு போல இறுகும். உடம்பு எடையைக் கொடுத்து இழுத்துச் சோதியுங்கள்.

திரை சொட்டுக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே தொங்க வேண்டும். வெளியே தொங்கினால் மேலிருந்து வரும் தண்ணீர் முழுதும் அதன்மேல் விழும். உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மூடுங்கள். மேலே ஒரு பங்கும், காற்று வராத பக்கம் ஓர் ஆள் நுழையும் அகலமும் திறந்தே இருக்கட்டும். அடி விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துக் கல் வையுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான்: கீழே விரித்த ஷீட்டின் ஓரம் திரையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். திரையில் வழியும் தண்ணீர் முழுவதையும் அது ஏந்தி நேராகப் படுக்கைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். திரைக்கு வெளியே ஒரு விரற்கடை ஷீட்கூடத் தெரியக் கூடாது.

மண் தரையாக இருந்தால் திரைக்கு வெளியே ஒரு சாண் அகலம், 10 செ.மீ ஆழத்தில் வாய்க்கால் இழுத்துச் சரிவுப் பக்கம் விடுங்கள்.

திரைக்குப் பதில் கல் அடுக்கிச் சுவர் எழுப்பலாமா?

முழங்கால் உயரம் வரை, சுமார் 50 செ.மீ, சரி. அடி அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லைத் தொட்டு உட்கார வேண்டும். அதற்கு மேல் போனால் ராத்திரி கால் பட்டுச் சரிந்து கணுக்காலை உடைக்கும். சுவரில் முட்டுக்கொடுத்து நிற்கும் கல்லைப் பிடுங்கி எடுக்காதீர்கள். எது எதைத் தாங்குகிறது என்று நமக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், ஓர் இரவுக்குக் கல்சுவர் வீண் உழைப்பு. அந்த வியர்வைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போய்விடும்.

உள்ளே நெருப்பு மூட்டலாமா?

வேண்டாம். காரணம் ஒன்றல்ல. பாறை சீராகச் சூடாகாது; சுடும் பக்கம் விரிந்து, வெடிப்பில் இருக்கும் ஈரம் ஆவியாகி, படலம் படலமாகக் கூரை உரிந்து விழும். அரைகுறைக் காற்றில் எரியும் விறகு கார்பன் மோனாக்சைடைக் கிளப்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வந்து எழுந்திருக்கவே விடாது. திரைக்குள் கேஸ் ஸ்டவ் வைப்பதும் இதே ஆபத்துதான். புகை போய் மேலே எங்கோ இருக்கும் தேன்கூட்டைக் கலைப்பது அடுத்தது.

இதெல்லாம் போக, காப்புக்காட்டில் தீ மூட்டுவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்திருக்கும் மலையில் ஒரு பொறி போதும்.

சென்னைக்காரர்களுக்குக் குளிர் ஒரு பிரச்சினையா?

நனைந்திருந்தால் ஆம். ஜவ்வாது, ஏலகிரி, ஏற்காடு மலைகளில் டிசம்பர் இரவில் 15 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். உலர்ந்த உடம்புக்கு அது சுகமான குளிர். நனைந்த ஜீன்ஸோடு காற்றில் உட்கார்ந்தால் உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். நடுக்கம், பிறகு நாக்குக் குழறல், சட்டை பொத்தானைப் போட முடியாத விரல். நடுக்கம் தானாக நின்று ஆள் தூங்கிவழிந்தால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிவிட்டது.

ஈரத் துணியை முதலில் கழற்றுங்கள். உலர்ந்த லுங்கியை மார்புவரை சுற்றி, அதன்மேல் வெள்ளிப் போர்வை, அதன்மேல் குப்பைப் பை. தலையும் காதும் மூடியிருக்கட்டும். வெள்ளிப் போர்வையை உடம்பில் இறுக்கிச் சுற்றினால் உட்பக்கம் வியர்த்து நனையும். கொஞ்சம் தளர்வாக விடுங்கள். மணிக்கொரு தரம் ஒரு கடலை மிட்டாய். இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டிப் படுப்பது, இருக்கும் எல்லாப் போர்வையையும்விட மேல்.

பாம்பு, தேளுக்கு என்ன செய்வது?

தேளுக்கு அந்தப் புற ஊதா டார்ச். இருட்டியதும் தரையிலும் சுவர் வெடிப்பிலும் மெதுவாக அடித்துப் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும் தேள், அந்த ஒளியில் பச்சை நீலமாக மின்னும். ஒன்று தெரிந்தால் குச்சியால் வெளியே தள்ளி, அந்த வெடிப்பிலிருந்து படுக்கையை நகர்த்துங்கள்.

பாம்பில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது கட்டுவிரியன். ராத்திரியில் திரியும், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்தது பெரும்பாலும் வலிக்காது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கல், விழுங்க முடியாமை என்று தெரியவரும். ஓரம் முழுதும் படுக்கைக்கு அடியில் செருகிய கொசுவலை இதற்கு நல்ல தடுப்பு. சோற்றுப் பருக்கை சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அதனால் சாப்பாட்டைப் படுக்கையிலிருந்து தள்ளியே வையுங்கள்.

கடித்துவிட்டால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட கை காலுக்குக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108க்குச் சொல்லிவிடுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருவது மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் என்பது கொசுறுத் தகவல்.

குடிதண்ணீர்?

மழை பெய்தால் அள்ளலாம். 1 சதுர மீட்டரில் 10 மி.மீ மழை என்றால் 10 லிட்டர். குப்பைப் பையை அறுத்துச் சொட்டுக் கோட்டின் கீழே தொட்டில் போலக் கட்டினாலே அரை மணியில் பாட்டில் நிறையும். முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுங்கள், அது பாறையைக் கழுவிக்கொண்டு வருவது. வௌவால் இருக்கும் பாறையில் கசியும் நீரைக் குடிக்காதீர்கள். மற்றதைத் துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

இடிமின்னலின்போது குகை பாதுகாப்புதானே?

ஆழமான உலர்ந்த குகையின் நடுப்பகுதி பாதுகாப்பு. ஆழமில்லாத ஒதுக்கின் வாசல் நேர் எதிர். பாறையில் இறங்கும் மின்சாரம் மேல் விளிம்பிலிருந்து தரைக்குத் தாவும்போது நடுவில் நிற்கும் ஆள் அதற்குப் பாலமாகிவிடுகிறார். சுவரில் சாயாமல், சுவரிலிருந்து 1 மீட்டராவது தள்ளி, பையின் மேல் கால்களைச் சேர்த்து உட்காருங்கள். ஈரக் கயிற்றைத் தொட வேண்டாம். அவ்வளவு இடமே இல்லாத ஒதுக்கு என்றால், இடி ஓய்ந்த பிறகு வந்து தங்கலாம். அதுவரை தனி மரமும் உச்சியும் இல்லாத தாழ்வான இடத்தில் இருப்பது மேல்.

இன்னும் உள்ளே போனால் கதகதப்பாக இருக்காதா?

இருக்கலாம், காற்றுதான் இருக்காது. வெளிச்சம் எட்டாத வளைவைத் தாண்டிப் போகாதீர்கள். கீழிறங்கும் குழிகள் இன்னும் மோசம். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தவரும் விழுவதைச் செய்தியில் பார்க்கிறோமே, அதே விதம்தான். காற்றில் ஆக்ஸிஜன் இயல்பாக 21 சதவீதம். தாம் லுவாங்கில் அது 15 சதவீதத்துக்கு இறங்கியது. மெழுகுவத்தி எரிந்தால் காற்று நல்லது என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை: கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டே இருக்கும்.

தேடி வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாறை உங்களை மறைக்கும், குரலையும் விழுங்கும். இருட்டுவதற்கு முன் வெளியே திறந்த இடத்தில் பளிச்சென்ற துணியைக் கட்டி, குகை இருக்கும் பக்கம் கற்களால் அம்புக்குறி வையுங்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு இருவராகப் போய் 112க்கு அழையுங்கள். வீட்டுக்கு ஜிபிஎஸ் இடக்குறியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். அழைப்பு போகாத இடத்திலும் பல நேரம் குறுஞ்செய்தி போய்விடும். பிறகு போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். விசிலை மும்மூன்றாக ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள்.

சமணர் படுக்கை உள்ள குகைகளில் தங்கலாமா?

கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்; கல் நகர்த்துவது, வாய்க்கால் தோண்டுவது, கரியால் கிறுக்குவது எல்லாம் சட்டப்படி குற்றம். ஆனால் பகலில் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மதுரை அருகே மாங்குளம் போன்ற இடங்களில் குகைக் கூரையின் நெற்றியில் நீளமாகக் காடி (பள்ளக் கோடு) வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையை ஒட்டி உள்ளே ஓடாமல் அந்த விளிம்பிலேயே அறுந்து வெளியே சொட்டும். மேலே சொன்ன கறுத்த கோட்டுப் பிரச்சினைக்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ட தீர்வு அது. ஓர் இரவுக்கு வெட்ட முடியாது. ஆனால் ஒழுகல் தடத்துக்குக் குறுக்கே பாறையில் களிமண்ணை விரல் தடிமனில் அப்பினால் சிறு ஒழுக்கு அங்கேயே திரும்பிச் சொட்டும். தொல்லியல் இடம் அல்லாத பாறையில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ தளத்தில் 40 பாதைகளுக்கு முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். கூடியமும் அதில் இருக்கிறது. நாகலாபுரமும் தடாவும் ஆந்திர வனத்துறையின் கீழ் வருபவை. அனுமதியோடு போனால் உங்கள் பெயர் ஒரு பட்டியலில் இருக்கும்; மாலை திரும்பாவிட்டால் தேடத் தொடங்குவார்கள்.

காலையில் கிளம்பும்போது?

ஷூவைத் தலைகீழாகத் தட்டிய பிறகே காலை விடுங்கள். பையின் ஒவ்வொரு ஜிப்பையும் அப்படியே. தார்ப்பாயை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்து உதறிவிட்டுச் சுருட்டுங்கள். ராத்திரி முழுதும் கதகதப்பாக இருந்த மடிப்பில் தேள் ஒன்றாவது குடியேறியிருக்க வாய்ப்புண்டு. படுக்கைப் புல்லைக் கலைத்துப் பரப்பி, கற்களைப் பழைய இடத்தில் வையுங்கள். அம்புக்குறிக் கற்களைக் கலைக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் உங்களைத் தேடி ஒரு குழு காலியான குகைக்கு ஏறிவரும்.